பல்லை எண்ணிப் பாருங்கள்

சைக்கிளின் பல்சக்கரத்தைப் பற்றி எழுதுவதும் ஓர் எழுத்தாளனின் வேலையா என்று சிலர் கேட்பார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள், ஓட்டப்பிடாரத்திலிருந்து பசுவந்தனைப் பக்கமாக மேல்காற்றை எதிர்த்து மிதித்துவிட்டு வந்து கேட்கட்டும்; பதில் சொல்கிறேன்.

'மேடு இல்லாத ஊருக்குக் கியர் எதற்கு?' என்பது ஒரு கட்சி. கரிசல் காட்டில் மலை இல்லை, வாஸ்தவம். காற்று இருக்கிறதே! மலையாவது ஏறினால் இறங்கும். எதிர்காற்று ஊர் போய்ச் சேரும்வரை விடாது. கயத்தாற்றில் காற்றாலை நட்டவர்களுக்குத் தெரிந்த சமாச்சாரம், சைக்கிள் விற்பவர்களுக்குத் தெரியவில்லை.

'21 கியர்' என்று பெருமை பேசுவது இன்னொரு கட்சி. முன்னால் 3 சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21. ஆனால் முன்னால் 42 பல், பின்னால் 21 பல் என்றாலும், முன்னால் 28, பின்னால் 14 என்றாலும், மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டு சுற்றுத்தான். ஒரே சோற்றை இரண்டு இலையில் பரிமாறிவிட்டு இரண்டு விருந்து என்று கணக்குக் காட்டுவதா?

மூன்றாவது கட்சி வீரர்கள். கனமாக மிதிப்பதுதான் ஆண்மையாம்! பிரான்ஸில் நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை நடத்தியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். செயினைப் பல் மாற்றும் கருவியை 1937-இல்தான் அனுமதித்தார்கள். அதனால் பந்தயத்தின் வீரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கணக்கு இவ்வளவுதான்: முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள 28 அங்குல வண்டி, மிதி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18 அடி போகும். பின்னால் 22 பல் போட்டால் 15 அடிகூடப் போகாது. வேகம் குறையும், ஆனால் காலுக்கு ஏறும் பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். செயினில் ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும். இதற்கு உள்ளூர் சைக்கிள் கடையே போதும்.

அரசு, 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியம். அதில் கியர் ஒன்றே ஒன்று. ஒன்றாகவே இருக்கட்டும், அந்த ஒன்று யாருடைய காலுக்கு ஏற்றது என்று யோசிக்க வேண்டாமா? காற்றில் புத்தகப் பையோடு இறங்கி வண்டியைத் தள்ளும் பெண்ணைப் பார்த்து, 'வலு போதாது' என்கிறோம். போதாதது அவள் வலு அல்ல. பின்சக்கரத்தில் நாலு பல்!

அடுத்த முறை வண்டி வாங்கும்போது நிறத்தைப் பார்க்குமுன் குனிந்து பல்லை எண்ணுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மிதிக்கப்போவது அவர் இல்லை.