பூனைக்குப் பகல் காப்பகமா?

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பா, நாங்க ரெண்டு பேரும் எட்டரைக்குக் கிளம்பினா சாயங்காலம் ஆறு மணி ஆகுது. மினூ தனியா கிடக்குது, பாவம். காலையில விட்டுட்டு சாயங்காலம் கூட்டிக்கிற மாதிரி ஒரு இடம் இருக்காம். ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய்."

மினூ என்பது நான் வைத்த பெயர். பிரெஞ்சுக்காரர்கள் பூனையைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்ததில் இன்றைக்கும் கைகொடுப்பது இந்த மாதிரி சில்லறைகள்தான்.

வேண்டாம் என்றேன். "உங்களுக்குக் காசுதான் பெரிசு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். காசுக்காகச் சொல்லவில்லை. நாய் மனிதரோடு ஒட்டிக்கொள்ளும், எஜமான் எங்கே போனாலும் பின்னால் வரும். பூனைக்கு முக்கியம் இடம். அந்த ஜன்னல், அந்த பீரோ மேல்தட்டு, தன் வாசனை படிந்த பழைய கோணிச் சாக்கு, இவைதான் அதற்கு வீடு. நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்குகிற பிராணியைத் தினமும் கூடையில் அடைத்து, பைக்கில் வைத்து, பஸ் ஹாரன் சத்தத்தில் ஊரைச் சுற்றிக் கொண்டுபோய், முன்பின் தெரியாத நாய்கள் குரைக்கிற இடத்தில் விட்டால் அதற்குத் துணை கிடைத்ததாக அர்த்தமா? நம் மனச்சாட்சிக்குத்தான் முந்நூறு ரூபாய் கட்டுகிறோம்.

நான் பட்டவன், அதனால் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எனக்குக் கண்புரை ஆபரேஷன். திண்டிவனம் வீட்டைப் பூட்டிவிட்டு, அப்போதிருந்த பூனையை ஐந்து நாளுக்கு ஓர் இடத்தில் விட்டேன். பெயர் வேண்டாம். வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், எதிரே நாய்கள், தரையெல்லாம் பினாயில் நெடி. போனில் கேட்டால் "நல்லா சாப்பிடுது சார்" என்றார்கள். திரும்பி வந்து தூக்கினால் கையில் கனமே இல்லை. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும் என்று கால்நடை டாக்டர் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகமாம். ஒன்பதாம் நாள் போய்விட்டது. முப்பத்து நாலு வருஷம் ஆபீசில் ஒவ்வொரு ஃபைலையும் மூன்று தடவை சரிபார்த்தவன், அந்தக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு பத்து நிமிஷம் நின்று பார்க்கவில்லை.

பினாயில் என்றேனே, அந்த வகைக் கிருமிநாசினிகளில் பல பூனைக்கு விஷம். மனிதருக்கு நல்லதெல்லாம் அதற்கு நல்லது என்று நினைப்பதுதான் தப்பு. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துப் பூனையைக் கொன்றவர்கள் நம் தெருவிலேயே உண்டு.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. "பூனைக்குக் காப்பகமா! கலி முத்திடுச்சு" என்று திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கிறவர்கள். அவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. மூன்று மாதக் குட்டியைப் பகல் முழுக்கத் தனியே பூட்டிப் போவதும் தப்பு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே தண்ணீரில்லாமல் விடுவது அதைவிடத் தப்பு. நகர இடமில்லாத கூண்டில் அடைத்தால் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11-படி குற்றம். பூனை துரோகி என்று பழி பேசுபவர்கள் மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசில் தவம் செய்கிற பூனையைக் காட்டுவார்கள். எங்கள் பள்ளியில் படித்த லா ஃபோந்தேன் கதையிலும் நியாயம் கேட்க வந்த இருவரையும் பூனை பிடித்துத் தின்றுவிடும். இருக்கட்டுமே. அதற்காக அதைத் தண்ணீரில்லாமல் பூட்டலாமா?

வேறு வழியில்லாமல் விட்டே ஆக வேண்டுமென்றால், நாயும் பூனையும் தனித்தனி அறையில் இருக்கிறதா, ஏறி உட்கார உயரமான இடம் உண்டா என்று உள்ளே போய்ப் பாருங்கள். முக்கியமாக, அவர்கள் உங்களிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்காத இடம் மற்றவர்களிடமும் கேட்டிருக்காது. பூனைகளைக் கொத்தாகக் கொல்கிற பார்வோ வகை வைரஸ் ஒன்று தரையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மகளிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. எதிர்வீட்டு அம்மாவுக்கு மாதம் 1,500 ரூபாய் கொடுத்து, மதியம் வந்து தண்ணீர் மாற்றி, சோறு வைத்து, கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்றேன். "சாவியை எப்படிப்பா குடுக்கிறது?" என்றாள். பதினோரு வருஷமாக எதிரெதிரே குடியிருக்கிறார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.