போர்க் கப்பலும் பூட்டிய வாயும்

யுத்தக் கப்பல்கள் உணவு மூட்டை இறக்குவதற்கென்று கட்டப்பட்டவை அல்ல. ஆயினும் 2025 நவம்பர்க் கடைசியில் கொழும்புத் துறைமுகத்தில் நடந்தது அதுவே. இலங்கைக் கடற்படையின் அணிவகுப்புக்காக நமது 'விக்ராந்த்', 'உதயகிரி' கப்பல்கள் அங்கே போயிருந்தன. அச்சமயம் 'டிட்வா' புயல் தீவைச் சூறையாடிற்று. பதுளை, கண்டி, நுவரெலியா ஜில்லாக்களில் மலை சரிந்து வீடுகளை மூடிற்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவரும் நம் மக்களும் துயரத்துக்குத் தப்பவில்லை. தீவு முழுவதிலும் 600 பேருக்கு மேல் மாண்டனர். வேடிக்கை காட்டப் போன கப்பல்கள் தம்மிடமிருந்த உணவுப் பொருள்களை இறக்கிக் கொடுத்தன. விக்ராந்தின் ஹெலிகாப்டர்கள் மீட்பு வேலையில் இறங்கின.

இந்தியா எந்த ராணுவக் கூட்டிலும் சேராத தேசம். அதுவே சரி என்பது நம் அபிப்பிராயம். ஆனாலும் அண்டை வீட்டுத் தீயை அணைக்கக் குடத்துடன் ஓடுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்ளாமலிருக்க முன்னேற்பாடு வேண்டுமல்லவா? 2011-இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் தொடங்கிய கூட்டுறவு, பிறகு மொரீஷியஸ் முதலிய நாடுகளும் சேர வளர்ந்து, 2024 ஆகஸ்டு 30-ந் தேதி கொழும்பில் சாசனமும் செயலகமும் பெற்றது. அதன் ஐந்து வேலைகளில் இயற்கைச் சேத நிவாரணம் ஒன்று. கணினிப் பாதுகாப்பு மற்றொன்று.

முன்னது எளிது. புயலை எவராலும் ஒளிக்க முடியாது. கணினிக்குள் புகுந்த கள்வனை ஒளிக்கலாம். ஒளிக்கவே மனம் தூண்டும். 2007-இல் எஸ்தோனியாவின் சர்க்கார், பாங்கு, பத்திரிகைக் கணினிகள் தாக்கப்பட்டபோது, அச்சிறு நாடு வெட்கப்படாமல் உலகறியக் கூவிற்று. மறு ஆண்டே அதன் தலைநகரான தாலினில் நேட்டோவின் அங்கீகாரத்துடன் கணினிப் பாதுகாப்பு நிலையம் ஒன்று ஏற்பட்டது. 2014 வேல்ஸ் மாநாட்டில், கணினித் தாக்குதலும் கூட்டுப் பாதுகாப்பு விதியை இயக்கக்கூடும் என நேட்டோ தீர்மானித்தது. தாக்கியவன் இன்னான் என்று நிரூபிப்பது எப்படி என்பது வேறு தலைவலி.

நம் கதையோ கூடங்குளம். எங்கள் கோபி வட்டாரத்தில் மஞ்சளுக்கும் வாழைக்கும் நீரிறைக்கும் பம்ப்செட்டுகள் மின்சாரத்தை நம்பியவை. தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தரும் பெரிய நிலையங்களுள் அது ஒன்று. 2019-இல் அங்கே நிர்வாக வேலைக்கான கணினி ஒன்றில் தீய நிரல் புகுந்தது. அணு உலையை இயக்கும் அமைப்பு தனியே இருந்தபடியால் அதற்குத் தீங்கில்லை. செய்தி வெளியானதும் நிலையத்தார் மறுத்தார்கள். மறுநாள், அக்டோபர் 30-ந் தேதி, அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. விஷயம் கண்டுபிடிக்கப்பட்டதோ செப்டம்பர் 4-ந் தேதி. எட்டு வாரம்!

சொந்தப் பிரஜைகளுக்கே இத்தனை தாமதமென்றால், மாலத்தீவுக்கும் மொரீஷியஸுக்கும் நாம் எப்போது சொல்லுவோம்? அவர்கள்தாம் நமக்கு எப்போது சொல்லுவார்கள்? அதே கள்வன் அடுத்த வாரம் அவர்களுடைய துறைமுகத்தையோ ஆஸ்பத்திரியையோ தேடிப் போகலாம். தாக்கப்பட்ட நாடு 24 மணி நேரத்திற்குள் மற்ற நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று கொழும்புச் செயலகம் ஒரு விதி செய்யட்டும். அதில் முதல் கையெழுத்தை இந்தியா போடட்டும்.