ஃப்ரிட்ஜ் ரப்பரில் பூஞ்சையா? அம்மாவைக் கேட்காதீங்க!

ரொம்ப நாளாக மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த விஷயம். இன்றைக்கு எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன மாசம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். தண்ணி பாட்டில் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவர், கதவு ரப்பரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்ன அண்ணி, கறுப்பா பூஞ்சை பிடிச்சிக் கெடக்கு, தொடைக்கிறதே இல்லியா?"

அம்மா பதில் பேசவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, அது போதாதென்று வினிகரையும் ஊற்றித் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். இருமல் சத்தத்தில்தான் எழுந்தேன். கண் எரிச்சல், மூச்சு முட்டல். ஜன்னலைத் திறந்து அவரை வெளியே கூட்டி வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ப்ளீச்சிங்கும் வினிகரும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு! 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஏரியாவில் இருந்துகொண்டு, ஒரு வார்த்தைக்குப் பயந்து சமையல்கட்டிலேயே வாயு தயாரிக்கணுமா?

சித்தப்பா (படிக்க மாட்டார் என்ற தைரியம்தான் :)), குற்றவாளி அம்மா இல்லை. நம்ம ஊர்க் காற்று. திருவொற்றியூர் கடல்காற்றில் எப்பவும் ஈரம். அது குளிர்ந்த ரப்பரில் பட்டால் தண்ணீராக வேர்க்கும். மடிப்பில் மீன்குழம்பு, இட்லி மாவு சிந்தியிருக்கும். ஈரமும் சாப்பாடும் கிடைத்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்று உள்ளே போகிறது. எங்க வீட்டில் அதிகம் திறப்பது நானும் தம்பியும். எதுவும் எடுக்க இல்லை, "என்ன இருக்கு" என்று சும்மா பார்க்க!

காமர்ஸ் படிக்கிறவன் கணக்கு சொல்லாமல் விடலாமா? ரப்பர் தளர்ந்தால் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும். ரெண்டு மாசத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழே உள்ள யூனிட்டுக்கும் ரேட் ஏறும். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் அங்கே தளர்ந்திருக்கிறது. சுற்றிலும் இறுக்கமாகப் பிடித்தால், கறுப்பைக் காட்டி "மாத்தணும்" என்று சொல்லும் மெக்கானிக்குக்கு ஒரு கும்பிடு.

வேலை இவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத்பிரஷ். மடிப்பை விரித்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, கடைசியில் காய்ந்த துணியால் ஒத்தி எடுங்கள். அந்தக் கடைசி வேலையை விட்டால் பூஞ்சை திரும்பி வரும். வாரத்துக்குப் பத்து நிமிஷம். இதற்கு ஆம்பளை, பொம்பளை என்றெல்லாம் தனி டிகிரி கிடையாது.

கதவைத் திறக்கத் தெரிந்த கைக்குத் துடைக்கவும் தெரியணும். எங்க வீட்டில் இப்போ ஒரு ஞாயிறு நான், அடுத்த ஞாயிறு தம்பி. சித்தப்பா அடுத்த முறை வரும்போது அவருக்கும் ஒரு துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

என்ன நான் சொல்றது?