பார்ப்பதும் பயிற்சியே

அனுபவமுள்ளவர் பாடம் நடத்துவதைப் புதியவர் உடனிருந்து பார்ப்பது கற்பிப்போர் பயிற்சியின் ஒரு பகுதி. இதை வீண் என்போரின் வாதங்கள் இரண்டு: கற்பித்தல் செய்தால்தான் வரும், பார்ப்பவர் வெறும் நகலாகிவிடுவார்.

முதல் வாதம் பாதி உண்மை. எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் முதற்கட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அங்கே கீரப்பாளையம் போன்ற ஒன்றியத்தில் மாலை வகுப்பெடுத்த தன்னார்வலர் முன் பல வயதுப் பிள்ளைகள் அமர்ந்தார்கள். ஒரு பிள்ளைக்குக் கழித்தலில் கடன் வாங்குவது புரியாது. இன்னொன்று எழுத்துக் கூட்டத் திணறும். விடையைச் சொல்லாமல் எவ்வளவு நேரம் காத்திருப்பது, எந்தக் கேள்வி கேட்டால் பிள்ளை தன் தவறைத் தானே காணும் என்பவை கையேட்டில் பிடிபடா. கண்முன் நடந்தால் பிடிபடும். செய்து மட்டுமே பழகினால், புதியவரின் பிழைகளுக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகளே.

இரண்டாம் வாதத்துக்கு வலு உண்டு. மாணவராக ஆசிரியரைப் பார்த்த பழக்கமே பின்னாளில் பழைய முறையைத் தொடர வைக்கிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் எழுதினார். ஆனால் மாணவர் காண்பது செயலை. அதன் காரணத்தை அல்ல. பயிற்சிபெறுபவரோ குறிப்பெடுத்து, வகுப்பு முடிந்ததும் காரணம் கேட்கிறார். ஒருவரோடு நில்லாமல் பலரைப் பார்த்து ஒப்பிடுகிறார். நகலாவதைத் தடுப்பது இந்த ஒப்பீடுதான்.

ஈராண்டு பி.எட். படிப்போருக்கே ஆசிரியர் கல்விக்கான 2014ஆம் ஆண்டு விதிகள் 20 வாரப் பள்ளி அனுபவத்தைக் கட்டாயமாக்கின. வகுப்புகளை உற்றுநோக்குவதும் அதில் அடங்கும். சில நாள் பயிற்சியோடு வகுப்புக்குள் நுழையும் தன்னார்வலருக்கு இப்படிப் பார்ப்பது இன்னும் கூடுதலாகத் தேவை.