பிரஷர் மெசின் அம்மம்மாவுக்கு மட்டுமா?

பிரித்தானியாவில் வாழும் எம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று இருக்கின்றது. பெரும்பாலும் அது அம்மம்மாவின் கட்டிலருகே, மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். அவருக்குத் தலைச்சுற்று வந்தால் எடுப்பார்கள். இலக்கத்தைப் பார்த்து, "கொஞ்சம் கூடத்தான்" என்று சொல்லிவிட்டு மீண்டும் உறையில் இட்டு வைப்பார்கள். இரவு முழுவதும் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பும் நாற்பத்தைந்து வயது மகனின் கையில் அந்தப் பட்டி ஒருநாளேனும் சுற்றப்படுவதில்லை. கேட்டால், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்பதே அவரது பதில்.

இந்தப் பதில்தான் எமக்குக் கவலை தருகின்றது. உயர் குருதி அமுக்கம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாது வளரும் நோயாகும். தலையிடித்தால்தான் பிரஷர் என்பது எம்மிடையே வேரூன்றிவிட்ட தவறான எண்ணம். பாரிசவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பாதிப்பு என்று அது வெளிப்படும்போது ஆண்டுகள் பல கடந்திருக்கும். அத்துடன், தெற்காசிய வம்சாவளியினருக்கு இதய நோயும் நீரிழிவும் இந்நாட்டின் ஏனையோரிலும் பார்க்கக் கூடுதலாகவும் இளவயதிலும் வருகின்றன. கருவாடும் ஊறுகாயும் மிக்சரும் உறக்கமற்ற இரவுகளும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே, வருத்தம் இல்லாதவரே முதலில் அளந்து பார்க்க வேண்டியவர் என்பது எமது கருத்து.

அளப்பதிலும் ஒரு முறை உண்டு. மணிக்கட்டில் கட்டும் கருவியிலும் மேற்கையில் கட்டும் கருவி நம்பகமானது. பட்டி கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் உயரத்தில் மேசைமீது வைத்து அளக்க வேண்டும். அவ்வேளையில் பேசக்கூடாது. தொலைபேசியில் ஊருடன் கதைத்தபடி எடுக்கும் இலக்கம் கதையின் சூட்டையே காட்டும்! ஒருநாள் எடுத்த ஓர் இலக்கத்தை வைத்து அஞ்சுவதும் பிழை, ஆறுதலடைவதும் பிழை. காலையும் மாலையும், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை, இயன்றால் ஏழு நாட்கள், குறைந்தது நான்கு நாட்கள் அளந்து, முதல்நாள் இலக்கங்களை விட்டுவிட்டு மிகுதியின் சராசரியைப் பார்ப்பதே இந்நாட்டு மருத்துவர்கள் கைக்கொள்ளும் முறை. அந்தச் சராசரி 135க்கு 85 அல்லது அதற்கு மேலென்றால் குடும்ப வைத்தியரிடம் செல்ல வேண்டும். வைத்தியரின் அறையில் எடுக்கும்போது இவ்வெல்லை 140க்கு 90 ஆகும். மேல் இலக்கம் 180ஐயோ கீழ் இலக்கம் 120ஐயோ எட்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வைக் குழப்பம் போன்றவையும் இருந்தால் 999ஐ அழைக்கத் தாமதிக்கக்கூடாது.

இலக்கங்களை எழுதி வைப்பதில் எம்மவர் காட்டும் ஒரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பரீட்சைப் புள்ளி போல, குறைந்ததை மட்டும் கொப்பியில் எழுதிச் சென்று வைத்தியரிடம் காட்டுவோர் உளர். வைத்தியரை மகிழ்விப்பதற்காகவா அளக்கின்றோம்? கூடியதும் குறைந்ததும் அப்படியே எழுதப்பட வேண்டும். ஆங்கிலம் பேசத் தயங்கும் தாய்மாருக்கும் அந்தக் கொப்பி பெருந்துணை. இலக்கங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

குருதி அமுக்கத்தைப் பற்றியாவது எம்மவர் பேசுகின்றனர். நாடித்துடிப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நாட்டு வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்ததைச் சிறுவயதில் கண்ட தலைமுறைதான் எமது முதியோர். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருவிரல்களை வைத்து 30 விநாடிகள் கவனித்தால், துடிப்பு சீராக வருகின்றதா, தாளம் தவறிக் கண்டபடி வருகின்றதா என்பது தெரியும். இடைக்கிடை ஒரு துடிப்பு தவறுவது பலருக்கும் உள்ளதே. தொடர்ந்து ஒழுங்கின்றித் துடித்தால் அது ஏட்ரியல் பிப்ரிலேசன் எனப்படும் கோளாறாக இருக்கலாம். அந்நிலையில் இதயத்தின் மேலறையில் குருதி தேங்கி உறைந்து மூளைக்குச் செல்லக்கூடும். பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகின்றது. ஆயினும், குருதி உறையாது தடுக்கும் மருந்துகள் அந்த ஆபத்தை மூன்றில் இரண்டு பங்கு வரை குறைக்கின்றன. எனவே துடிப்பில் ஐயம் தோன்றினால் வைத்தியரிடம் ஈ.சி.ஜி. எடுக்கும்படி கேட்க வேண்டும். துடிப்பு ஒழுங்கற்றவருக்கு வீட்டிலுள்ள தானியங்கிப் பிரஷர் கருவி பிழையான இலக்கம் காட்டக்கூடும் என்பதால், அமுக்கம் பார்க்குமுன் நாடி பார்ப்பது நல்லது. ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரங்களும் இன்று வந்துவிட்டன. எனினும் அவை இல்லாத வீட்டிலும் இரு விரல்கள் இருக்கின்றன.

அகதி விண்ணப்பம் முடிவாகாத குடும்பங்கள் இவற்றையெல்லாம் தள்ளிப் போடுவதை நாம் அறிவோம். வைத்தியரிடம் போனால் வழக்குக்குப் பாதகமாகுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்வதற்கு வதிவிட அனுமதியோ முகவரிச் சான்றோ காட்ட வேண்டிய கட்டாயமில்லை. வைத்தியரைப் பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை. மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். தாயின் நோயைப் பத்து வயதுப் பிள்ளை வைத்தியருக்கு மொழிபெயர்க்கும் அவலம் இனியும் வேண்டாம். 2021 ஒக்ரோபர் முதல், 40 வயதைத் தாண்டியோருக்கு இங்கிலாந்தின் பல மருந்தகங்களிலும் இலவசமாக பிரஷர் பார்க்கின்றனர். வேலைக்குச் செல்லும் வழியில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

எமது பொது அமைப்புகளிடமும் ஒன்று கேட்கின்றோம். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை மண்டபங்களில் பெற்றோர் மணிக்கணக்காகக் காத்திருக்கின்றனர். எம்மிடையே தாதியரும் மருந்தாளரும் நிறையவே உள்ளனர். ஒரு மேசை, தரமான ஒரு கருவி, இலக்கத்தை எழுதிக் கொடுக்க ஒரு துண்டு: இவ்வளவும் இருந்தால், தவணைக்கு ஒருமுறையேனும் அங்கேயே அளந்து, கூடியவர்களை வைத்தியரிடம் அனுப்பி வைக்கலாம். வரிசையில் முதலில் தகப்பன்மாரை நிறுத்துங்கள்.