நாகசுரத்துக்கு எதற்கு ஓபோ பெயர்?

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து எங்கள் வயதுக்காரர்கள் மத்தியில் ஒரு புதுப் பேச்சு. காலை நடை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தால் 'ஸ்டிரிங்ஸ்', 'உட்விண்ட்', 'பிராஸ்', 'பெர்கஷன்' என்று சொற்கள் பறக்கின்றன. பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் அந்த மேடையில் நின்றதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு தவறான எண்ணமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. உலகத்துக் கருவிகள் எல்லாவற்றையும் இந்த நாலு குடும்பத்தில் அடக்கிவிடலாம், அதுதான் விஞ்ஞானம், நம்மிடம் அப்படி எந்த முறையும் இருந்ததில்லை என்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகங்களும் அப்படித்தான் போதிக்கின்றன. நான் இதை மறுக்கிறேன்.

முதலில் அந்த நாலு பெயர்களையே பார்ப்போம். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே இவற்றுக்குக் 'கோர்ட்', 'புவா', 'குய்வ்ர்', 'பெர்க்யூஸியோன்' என்று பெயர். முதலாவது தந்தி, இரண்டாவது மரம், மூன்றாவது செம்பு, நாலாவது அடித்தல். அதாவது முதல் பெயர் கருவியின் ஒரு பாகத்தைச் சொல்கிறது. அடுத்த இரண்டும் எந்தப் பொருளால் செய்தது என்று சொல்கின்றன. கடைசிப் பெயர் வாசிப்பவர் என்ன செய்கிறார் என்று சொல்கிறது. நாலு பெயருக்கு மூன்று அளவுகோல்!

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன். ஒரு பதிவேட்டில் முதல் பத்தியைக் கிராம வாரியாகவும், அடுத்ததை ஆள் வாரியாகவும், கடைசியைத் தேதி வாரியாகவும் பிரித்து வைத்தால் ஆய்வுக்கு வரும் அதிகாரி என்ன சொல்வார் என்று அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விளைவையும் பாருங்கள். இன்றைய கச்சேரிப் புல்லாங்குழல் பெரும்பாலும் வெள்ளியில் செய்தது, ஆனால் அது 'மர'க் குடும்பம். சாக்ஸபோன் பிறந்த நாளிலிருந்தே பித்தளை. பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கியபோதும் அது பித்தளைதான். அதுவும் 'மர'க் குடும்பத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பியானோவில் ஒலிப்பது தந்தி, அதைத் தட்டுவது சுத்தியல். அது தந்தியா, தட்டுக் கருவியா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு. ஆர்மோனியத்தின் கதை இன்னும் பாவம். பாரிஸில் 1840களில் பிறந்த அந்தப் பெட்டிக்கு இந்த நாலில் எங்கே இடம் என்று கேட்டால் பதில் இல்லை.

காரணம் எளிது. இந்த நாலு குடும்பம் மேடையில் யார் எங்கே உட்காருவது, இசைக்குறிப்புத் தாளில் எது மேலே எது கீழே என்பதற்கான ஏற்பாடு. அந்த வேலைக்கு அது மிக நல்ல ஏற்பாடு. எண்பது, நூறு பேர் ஒன்றாக வாசிக்கும்போது ஒலி கலக்கும் விதம் பார்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் அலமாரி எண்ணை வைத்துக் கோப்பின் விஷயத்தைச் சொல்ல முடியாது. கோப்பு எங்கே இருக்கிறது என்பது வேறு, எதைப் பற்றியது என்பது வேறு.

நம்மவர்கள் கேட்ட கேள்வி வேறு: எது ஒலிக்கிறது? தோல் ஒலித்தால் தோற்கருவி. துளைக்குள் காற்று ஒலித்தால் துளைக்கருவி. நரம்பு ஒலித்தால் நரம்புக்கருவி. வெண்கலமே ஒலித்தால் கஞ்சக்கருவி. மனிதக் குரலையும் விடாமல் மிடற்றுக்கருவி என்று ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். கேள்வி ஒன்று, அளவுகோல் ஒன்று. வடமொழியில் பரதரின் நாட்டிய சாஸ்திரமும் ததம், சுஷிரம், அவநத்தம், கனம் என்று இதே நாலைச் சொல்கிறது. 'கஞ்சம்' என்ற சொல் வெண்கலத்தைக் குறிப்பதால் மண் கடத்தை அதில் சேர்க்கச் சிலர் தயங்கலாம். கெட்டியான பொருள் என்று பொருள்படும் 'கனம்' அங்கே பொருந்திவிடும்.

'இது பழம்பெருமை, விஞ்ஞானம் இல்லை' என்று சொல்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். கல்கத்தாவில் சௌரீந்திர மோகன் தாகூர் என்று ஒரு ராஜா, இசை ஆராய்ச்சியாளர். 1876 வாக்கில் அவர் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு சுமார் நூறு இந்தியக் கருவிகளை அன்பளிப்பாக அனுப்பினார். அவை பிரஸ்ஸல்ஸ் இசைக் கல்லூரியின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே பொறுப்பாளராக இருந்தவர் விக்டோர் மஹியோன். ஊதுகருவி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர், கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்தவர். இந்தக் கருவிகளை மரம், செம்பு என்ற பழைய பெட்டிகளுக்குள் அவரால் அடைக்க முடியவில்லை. தாகூரின் எழுத்துகள் வழியாக இந்திய முறை அவருக்குத் தெரிந்திருந்தது. 1880இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த தம் அருங்காட்சியகப் பட்டியலில் எது ஒலிக்கிறது என்ற அடிப்படையிலேயே நாலு வகையாகப் பிரித்தார்: தானே ஒலிப்பது, தோல் ஒலிப்பது, காற்று ஒலிப்பது, தந்தி ஒலிப்பது. 1914இல் ஹார்ன்போஸ்டெல், சாக்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் ஜெர்மன் மொழியில் அதை விரித்து எழுதினார்கள். (இவர் கர்ட் சாக்ஸ், சாக்ஸபோன்காரர் இல்லை.) இன்றும் உலகத்து அருங்காட்சியகங்கள் பின்பற்றுவது அந்த முறையைத்தான்.

ஆக, நம் நாட்டுக் கேள்வி கல்கத்தாவில் கப்பல் ஏறி, பிரஸ்ஸல்ஸில் பிரெஞ்சு பேசி, பெர்லினில் ஜெர்மன் பேசி, கடைசியில் 'ஏரோபோன்', 'கார்டோபோன்' என்று கிரேக்கப் பெயரோடு திரும்பி வந்தது. நம் பள்ளிக்கூடங்களோ அதைக்கூடச் சொல்லித் தருவதில்லை. இசைக்குழு உட்காரும் வரிசையைத்தான் சொல்லித் தருகின்றன.

'எல்லாம் நம்மிடமே இருந்தது' என்று மார் தட்டும் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். சிம்பொனி அவர்களுடைய சாதனை. நூறு பேர் வெவ்வேறு சுரம் வாசித்து ஒன்றாக ஒலிக்கச் செய்வது சின்ன விஷயமில்லை. நம் முறையில் குறையும் உண்டு. புல்லாங்குழல், நாகசுரம், கொம்பு மூன்றையும் நாம் ஒரே துளைக்கருவியில் போட்டுவிட்டோம். முதலாவதில் துளையின் விளிம்பில் காற்று மோதுகிறது, இரண்டாவதில் சீவாளி அதிர்கிறது, மூன்றாவதில் ஊதுபவரின் உதடே அதிர்கிறது. இந்த வேறுபாட்டை நுணுக்கமாகப் பிரித்து எழுதியவர்கள் ஹார்ன்போஸ்டெலும் சாக்ஸும்தான். கொடுத்தது நாம் என்றால் வளர்த்தது அவர்கள். நான் கேட்பது, கொடுத்ததை நாமே மறக்கலாமா என்பதுதான்.

மறந்தால் என்ன நஷ்டம்? சில வருஷங்களுக்கு முன் மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் வெளிநாட்டு விருந்தினர்களுக்காக நாகசுரம் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்த நம்மூர்ப் பையன், 'இது இந்தியன் ஓபோ' என்றான். தவிலை 'இந்தியன் டிரம்' என்றான். பக்கத்தில் இருந்த பிரெஞ்சு அம்மையார் என்னிடம், 'அப்படியானால் இதற்கென்று சொந்தப் பெயர் இல்லையா?' என்று கேட்டார். 'நாகசுரம்' என்று நாலு தடவை சொல்லிக் கொடுத்தேன். அழகாகவே உச்சரித்தார்.

ஓபோ என்பது பிரெஞ்சில் 'ஓபுவா'. 'ஓ' என்றால் உரத்த, 'புவா' என்றால் மரம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான கருவி. இரட்டை நாக்கு வைத்து ஊதும் குழல்கள் ஆசியாவில் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தவை. பெரியப்பாவைத் தம்பி மகன் பேரால் கூப்பிடும் வழக்கம் எந்த வீட்டில் உண்டு? நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அரசாங்கமே பெயரைப் பதிவு செய்து கொடுத்த பிறகும் மேடையில் இரவல் பெயரா?

பெயர் போனால் கருவியும் போகும். யாழ் போனது. விபுலானந்த அடிகள் பல வருஷம் உழைத்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டுத்தான் அதன் அமைப்பை ஓரளவு மீட்க வேண்டியிருந்தது. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் முகவீணை என்று ஒரு சின்ன ஊதுகுழல் உண்டு. பெயரில் வீணை, உண்மையில் சீவாளி வைத்த துளைக்கருவி. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பேரன்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

வெளியிலிருந்து வந்த கருவி எதையும் நாம் விரட்டியதில்லை. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில், இருநூறு வருஷத்துக்கு முன், வயலின் வந்தது. நரம்புக்கருவி என்று பக்கத்தில் உட்கார வைத்தோம். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டும் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனும் கொண்டு வந்தார்கள், துளைக்கருவி. ஸ்ரீநிவாஸ் மாண்டலின் கொண்டு வந்தார், நரம்புக்கருவி. ஆர்மோனியத்தில் ஒலிப்பதும் காற்றுத்தான். ஒன்றுக்காகவும் புதுப் பெட்டி செய்ய வேண்டியிருக்கவில்லை. நல்ல வகைப்பாட்டுக்கு அதுதான் சோதனை.

ஆகவே பள்ளிக்கூடங்களையும் விழா நடத்துபவர்களையும் இரண்டே இரண்டு கேட்கிறேன். முதலில் தோல், துளை, நரம்பு, கஞ்சம் சொல்லிக் கொடுங்கள், அதற்குப் பிறகு மேற்கத்திய இசைக்குழுவின் நாலு குடும்பத்தைச் சொல்லிக் கொடுங்கள். மேடையில் கருவியை அதன் சொந்தப் பெயரால் அறிவியுங்கள், விளக்கம் வேண்டுமானால் பின்னால் வரட்டும்.

தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப் போனால் வெண்ணெய் உருண்டையைத் தள்ளுவதுபோல் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். அர்ச்சுனன் தபசுப் பாறையில் பறக்கும் கின்னர இணைகளைக் காட்டுங்கள். ஆண் கையில் நரம்புக்கருவி, பெண் கையில் தாளம். அடுத்துள்ள கிருஷ்ண மண்டபத்தில் குழல் ஊதும் ஆயரைக் காட்டுங்கள். பல்லவர் காலத்துச் சிற்பி அந்தக் கல்லில் நரம்பு, கஞ்சம், துளை மூன்றையும் செதுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் 'எது ஒலிக்கிறது?' என்று கேளுங்கள். தோற்கருவியைக் காட்ட, திரும்பி வரும் வழியில் ஏதாவது கோயில் வாசலில் தவில்காரர் ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்டால் தொட்டுப் பார்க்கவும் விடுவார்.