கோணல் தட்டிலா, ஊசியிலா?



பள்ளி விடுமுறைக்குப் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்து லயத்தை விட்டு வந்தபோது அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியையும் அக்கா கையோடு கொண்டு வந்துவிட்டார். அப்பா இப்போது இல்லை. சம்பள நாளில் அவர் விரும்பிப் போடும் ‘திருவிளையாடல்’ தட்டு இருக்கிறது. 1965இல் வந்த படம். அம்மாவுக்கு அந்தத் தட்டுதான் துணை.

ஊசி தேய்ந்துவிட்டதென்று அக்கா மகன் புதிய கார்ட்ரிட்ஜ் வாங்கி மாட்டியிருந்தான். தொடக்கத்தில் பாட்டு தெளிவாகத்தான் கேட்டது. ஊசி உள்பக்கம் போகப் போக, ‘ச’ வரும் இடமெல்லாம் பாம்பு போல் சீறியது.

“தட்டு தேஞ்சி போச்சு பாட்டி, தூக்கிப் போட்டுடலாம்” என்றான். அம்மா ஒன்றும் பேசவில்லை. தட்டை உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுப்பா. முதல்ல ஊசியைப் பார்ப்போம்” என்றேன். குனிந்து பார்த்தால், கார்ட்ரிட்ஜ் கோணலாக நின்றது.

தட்டில் பள்ளம் வெட்டிய இயந்திரத்தின் ஊசி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நேர்க்கோட்டில் நகர்ந்தது. நம் பெட்டியின் கையோ கதவைப் போல ஓரிடத்தில் நின்று வளைந்து வருகிறது. ஆகவே, ஊசி பள்ளத்துக்கு மிகச் சரியாக நேர்படுவது இரண்டே இடங்களில்தான். சுவீடன் நாட்டு எரிக் லோஃப்கிரென் 1938இல் இதைக் கணக்கிட்டு எழுதினார். தட்டின் நடுவிலிருந்து 66, 121 மில்லிமீட்டர் அளவில் இரு புள்ளிகள் குறித்த அளவுத்தாள் இன்று பரவலாகக் கிடைக்கிறது. அச்சடித்தால் அளவு மாறியிருக்கிறதா என்று அடிக்கோலால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஊசிக்கு மூடியைப் போடுங்கள். வெள்ளை, நீலக் கம்பிகள் இடப்பக்க ஒலிக்கு. சிவப்பு, பச்சை வலப்பக்க ஒலிக்கு. கம்பியை இழுக்காமல், முனையைச் சிறு இடுக்கியால் பிடித்துச் செருகுங்கள். அரை அங்குல இடைவெளியில் இருக்கும் இரு திருகாணிகளையும் தளர்வாகவே விடுங்கள்.

மூடியைக் கழற்றி, கை தராசு போல் சமமாக நிற்கும்வரை பின்பக்க எடையைத் திருப்புங்கள். எண்ணைச் சுழியில் வைத்து, கார்ட்ரிட்ஜோடு வந்த தாளில் சொன்ன கிராம் அளவுக்குத் திருப்புங்கள். எங்களுடையதற்கு 2 கிராம். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். ஊசி துள்ளிப் பள்ளத்தைக் கடிக்கும்.

பிறகு ஊசியை ஒவ்வொரு புள்ளியிலும் மெல்ல வையுங்கள். இரண்டிலும் கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் தாளின் கோடுகளுக்கு இணையாக நிற்கும்வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அப்புறம் திருகாணியை இறுக்கி, எடையை இன்னொருமுறை பாருங்கள்.

எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. தட்டைப் போட்டோம், சீறல் அடங்கியது. ஓரிரு இடங்களில் மட்டும் இன்னும் கேட்கிறது. கோணல் ஊசி போட்ட காயம் அது, ஆறாது. அம்மா வெற்று உறையை மடியில் வைத்தபடி கடைசிவரை கேட்டார்.

‘இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது’ என்று நானும் வகுப்பில் சொன்னதுண்டு. இனி அப்படிச் சொல்லுமுன் என் கோணலைப் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.